செங்கோட்டைக்கு மேற்கே நிற்கும் மேகம்

ஆனி பிறந்து மேல்காற்று பிடித்துவிட்டால் செங்கோட்டையிலிருந்து மேற்கே பார்ப்பவர்களுக்கு ஒரு காட்சி தவறாமல் கிடைக்கும். மலை உச்சியை மூடியபடி வெள்ளையாக ஒரு மேகக்கட்டு. அதன் கிழக்கு ஓரம் கத்தரித்துவிட்டதுபோல ஒரே இடத்தில் நிற்கும். கீழே புளியரைப் பக்கம் தென்னைகள் கிழக்கே சாய்ந்து பேயாட்டம் ஆடிக்கொண்டிருக்கும். இத்தனை காற்றிலும் மேகம் மட்டும் அசையாது.

நிற்பதாகத் தெரிவது கண்மயக்கு. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து ஆரியங்காவில், மலையேறும் காற்றில் துளிகள் பிறந்துகொண்டே இருக்கின்றன; இந்தப் பக்கம் இறங்கும் காற்றில் அவை ஆவியாகிக்கொண்டே இருக்கின்றன. பிறப்புக்கும் சாவுக்கும் நடுவே உள்ள சில நிமிடத் துளிகளைத்தான் நாம் மேகம் என்கிறோம். குற்றாலத்துப் பேரருவியும் நாள் முழுக்க அதே பாறையில்தான் விழுகிறது, தண்ணீர் அதே தண்ணீரா என்ன?

பள்ளிக்கூடத்தில் இதற்கு ‘மழை மறைவுப் பகுதி’ என்று ஒரு பாடம் உண்டு. காற்று தன் ஈரத்தையெல்லாம் கேரளப் பக்கம் கொட்டிவிட்டு வறண்டுபோய் நம் பக்கம் வருகிறது, அதனால் இங்கே மழை இல்லை. கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டால் பாதிதான் தேறுகிறது.

கணக்குக்கு முன்னால் ஈரத்தை எதைக்கொண்டு அளப்பது என்று தீர்த்துக்கொள்ள வேண்டும். செல்பேசியில் தெரியும் ஒப்பு ஈரப்பதம், அதாவது அந்த வெப்பநிலையில் இருக்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்ற கணக்கு, இதற்கு உதவாது. விடியற்காலையில் 24 டிகிரி, ஈரப்பதம் 94 சதவீதம். பிற்பகலில் 34 டிகிரி, ஈரப்பதம் 53 சதவீதம். ஈரம் பாதியாகிவிட்டது என்று தோன்றும். உண்மையில் இரண்டு வேளையிலும் காற்றில் இருந்த நீராவி ஒன்றேதான். பனிநிலை இரண்டிலும் 23 டிகிரி. வெப்பநிலை ஏறியதால் சதவீதம் இறங்கியது, அவ்வளவே. பனிநிலை என்பது அந்தக் காற்றை எத்தனை டிகிரிக்குக் குளிர்வித்தால் நீராவி தண்ணீராகத் தொடங்கும் என்ற அளவு. சட்டை முதுகில் ஒட்டுகிற புழுக்கத்துக்கும் மேகம் எந்த உயரத்தில் கட்டும் என்பதற்கும் இதுதான் சரியான எண்.

பனிநிலையை வீட்டிலேயே அளக்கலாம். 0 முதல் 50 டிகிரி வரை காட்டும் ஆய்வகத் தெர்மாமீட்டர் இரண்டு வேண்டும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் ஆகாது, அது ஏறிய இடத்தில் நின்றுவிடும். ஒன்றின் குமிழில் துவைத்துக் கஞ்சி போன மல்துணியை ஒரே சுற்றாகச் சுற்றி, பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரில் நனையுங்கள். இரண்டையும் நிழலில், தரையிலிருந்து இடுப்புக்குச் சற்று மேலே, சுவரை ஒட்டாமல் தொங்கவிட்டு மேசை விசிறியைத் திருப்பிவிடுங்கள். ஈரக்குமிழின் அளவு இறங்கிக்கொண்டே வந்து இரண்டு மூன்று நிமிடத்தில் நிற்கும். நின்றதும் முதலில் அதைப் படியுங்கள், பிறகு உலர்குமிழை.

உலர்குமிழ் 32, ஈரக்குமிழ் 26 என்று வைத்துக்கொள்வோம். தெவிட்டிய நீராவியின், அதாவது அதற்கு மேல் சேர்ந்தால் தண்ணீராகிவிடும் அளவு நீராவியின், அழுத்தம் 20 டிகிரியில் 23.4 ஹெக்டாபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு), 22-இல் 26.4, 24-இல் 29.8, 26-இல் 33.6, 28-இல் 37.8, 30-இல் 42.4. ஈரக்குமிழுக்குரிய 33.6-ஐ எடுத்துக்கொண்டு, இரண்டு குமிழ்களின் வித்தியாசமான 6-ஐ 0.66-ஆல் பெருக்கிக் கழித்தால் 29.6 வரும். பட்டியலில் அது 24 டிகிரிக்கு ஒரு மயிரிழை கீழே. பனிநிலை 24. விசிறி இல்லாமல் இயல்பான காற்றில் தொங்கவிட்டிருந்தால் 0.66-க்குப் பதில் 0.8 போட வேண்டும்.

பிழை வருவது பெரும்பாலும் துணியில்தான். குழாய்த் தண்ணீரில் நனைத்தால் உப்புப் படிந்து ஆவியாதல் தடைப்படும். பழைய துணியில் கை எண்ணெய் ஏறியிருக்கும். ஈரக்குமிழ் 26-க்குப் பதில் 27 என்று காட்டினால் பனிநிலை 25-ஐத் தாண்டிவிடும். ஒரு டிகிரிதானே என்று விட்டுவிட முடியாது. அதை வைத்து மேகத்தின் அடி உயரத்தைக் கணக்கிட்டால் 150 மீட்டருக்கு மேல் பிசகும்.

மேகத்தின் அடி உயரத்துக்கான சூத்திரம் எளிது. வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் உள்ள வித்தியாசத்தை 125-ஆல் பெருக்கினால் மீட்டரில் கிடைக்கும். 32-க்கும் 24-க்கும் வித்தியாசம் 8. ஆக 1000 மீட்டர். காரணம் இது. மேலேறும் காற்று அழுத்தம் குறைந்து விரிகிறது. விரியும் வாயு குளிரும். லாரி டயரின் வால்வை அமுக்கிப் பிடித்தால் வெளிவரும் காற்று சில்லென்று இருப்பதைப் போல. நீராவி தண்ணீராக மாறாத வரை இந்தக் குளிர்ச்சி கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி. அதே ஏற்றத்தில் பனிநிலையும் கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 1.8 டிகிரி இறங்கும். ஆக இடைவெளி கிலோமீட்டருக்கு 8 டிகிரி வீதம் சுருங்குகிறது. இரண்டும் ஒட்டும் உயரத்தில் மேகத்தின் அடி. திரள் மேகங்களின் அடிப்பாகம் பலகை வைத்து மட்டம் பார்த்ததுபோல இருப்பது இதனால்தான். நெல்லை, தென்காசிக்காரர்களுக்கு ஒரு வசதி, மேற்கே அளவுகோல் நட்டு வைத்திருக்கிறது. அகத்தியர்கூடம் 1868 மீட்டர். மேகம் அதன் எந்த இடத்தை வெட்டுகிறது என்று பார்த்தாலே உங்கள் தெர்மாமீட்டரின் யோக்கியதை தெரிந்துவிடும்.

இனி மலைக்கு அந்தப் பக்கம். ஆடி மாதம், புனலூர்ப் பக்கத்து அடிவாரத்தில் 28 டிகிரி, பனிநிலை 25 என்று கொள்வோம். கேரளத்து இடவப்பாதியில், அதாவது தென்மேற்குப் பருவமழையில், இது இயல்பான அளவு. ஒரு கிலோ காற்றில் சுமார் 20 கிராம் நீராவி இருக்கும். இந்தக் காற்று 1200 மீட்டர் மலையேறித் தாண்டுகிறது. முதல் 375 மீட்டரில் 24.3 டிகிரிக்கு வந்து மேகம் கட்டத் தொடங்கும். அதற்கு மேல் குளிரும் வேகம் குறைந்துவிடும். நீராவி தண்ணீராகும்போது கிராமுக்கு 2,500 ஜூல் அளவில் உள்ளுறை வெப்பத்தை வெளியே விடுகிறது. இந்த ஈரத்தில் குளிர்ச்சி கிலோமீட்டருக்கு 4 டிகிரிதான். மீதி 825 மீட்டரில் 3 டிகிரி சொச்சம். உச்சியில் 21 டிகிரி. அங்கே காற்றில் மிஞ்சியிருக்கும் நீராவி கிலோவுக்கு 18 கிராமுக்குச் சற்று மேல்.

உண்டான தண்ணீரெல்லாம் அந்தப் பக்கமே விழுந்துவிட்டது என்று வைத்தால், இந்தப் பக்கம் இறங்கும் காற்று 1200 மீட்டருக்கும் 9.8 வீதத்திலேயே சூடேறி 33 டிகிரியாக அடிவாரம் சேரும். ஒப்பு ஈரப்பதம் 84-இலிருந்து 57 சதவீதத்துக்கு விழுந்திருக்கும். உடம்பு இதை வறண்ட காற்று என்று சொல்லும். ஆனால் இழந்தது 20 கிராமில் 2 கிராம். பத்தில் ஒன்பது பங்கு ஈரம் அப்படியே நம் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது. ஆடியில் தென்காசிக்குக் கிழக்கே மழை இல்லாததற்கு ஈரப் பஞ்சம் பெரிய காரணம் இல்லை. இறங்குகிற காற்றில் மேகம் கட்டாது, அதுதான் காரணம்.

நம்பிக்கை வராதவர்கள் பாலக்காட்டைப் பார்க்கலாம். அங்கே மலைத்தொடரில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாசல் திறந்திருக்கிறது. காற்று 1200 மீட்டர் ஏற வேண்டிய அவசியமே இல்லை. கேரளத்து ஈரம் பெரிதாகக் குறையாமல் பொள்ளாச்சி, உடுமலைக் காற்றாலைகளைச் சுற்றிவிட்டுப் போகிறது. ஆனாலும் கோவையின் ஜூலை மப்பும் மந்தாரமும் பிசுபிசுத் தூறலுமாகத்தான் கழிகிறது. ஈரம் உண்டு, ஏற்றம் இல்லை.

குற்றாலத்துச் சாரல் மேலே போட்ட கணக்கிலிருந்து தப்பி வருகிற தண்ணீர். எல்லாத் துளியும் அந்தப் பக்கமே விழுந்துவிடும் என்று எடுத்துக்கொண்டோம் அல்லவா? அப்படி நடப்பதில்லை. மலைமேல் கட்டும் அந்த மேகம் பெரும்பாலும் தட்டையானது, உறைநிலை உயரத்தைத் தொடாதது. நம் ஊர் அட்சரேகையில் உறைநிலை கிட்டத்தட்ட 5 கிலோமீட்டரில் இருக்கிறது. பனிக்கட்டியின் உதவி இல்லாமல், துளி துளியோடு மோதி ஒட்டித்தான் அதில் மழை உண்டாக வேண்டும். ஒரு மேகத்துளியின் குறுக்களவு 0.02 மில்லிமீட்டர். 2 மில்லிமீட்டர் மழைத்துளி ஒன்றுக்குப் பத்து லட்சம் மேகத்துளிகள் சேர வேண்டும். மேகம் மெலிதாகவும் காற்று வேகமாகவும் இருக்கும்போது அதற்கு நேரம் போதாது, 0.2, 0.3 மில்லிமீட்டரிலேயே துளி மலையைத் தாண்டிவிடும். 0.3 மில்லிமீட்டர் துளி நொடிக்கு 1.2 மீட்டர்தான் விழும். 600 மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர 500 நொடி. காற்று நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசினால் அதற்குள் 5 கிலோமீட்டர் கிழக்கே வந்திருக்கும். அருவிக்கரையில் முகத்தில் பூப்போல விழுவது இதுதான். கிழக்கே போகப் போக இறங்கும் காற்றின் சூட்டில் துளி சிறுத்து, தென்காசியில் பிசிறாகி, சுரண்டை போய்ச் சேர்வதற்குள் காணாமல் போகும். மேகத்தின் ஓரம் மேற்கே நின்றுவிடுவதால் துளி விழும் இடத்தில் வெயிலும் அடிக்கும். காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம் இந்த ஊரில் ஆனி ஆடி முழுக்க நடப்பதற்கு வேறு ரகசியம் இல்லை.

துளி பிறக்க நீராவி மட்டும் போதாது, ஒட்டிக்கொள்ள ஒரு தூசும் வேண்டும். கடல் உப்பு, புகை, மண், எதுவானாலும் சரி. இதை ஒரு 2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் பார்க்கலாம். ஒரு கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் குலுக்குங்கள். மூடியை இறுக்கி, இரண்டு கையாலும் பலமாக அமுக்கி, பத்து நொடி பிடித்து, சட்டென்று விடுங்கள். ஒன்றும் தெரியாது. மூடியைத் திறந்து, அணைத்த ஊதுபத்தியின் புகையைக் கொஞ்சம் உள்ளே விட்டு மறுபடி அமுக்கி விடுங்கள். உள்ளே வெள்ளையாக மேகம் கட்டும். அமுக்கினால் மறையும், விட்டால் திரும்பும். பத்து நொடி பிடிப்பது அவசியம். அமுக்கும்போது உண்டான சூடு சுவர் வழியே வெளியேறினால்தான் விடும்போது வெப்பநிலை முதலில் இருந்ததற்கும் கீழே போகும். தண்ணீர் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் முதலிலேயே சுவரில் வியர்த்துப் பாட்டில் மங்கிவிடும், ஒன்றும் விளங்காது.

இவ்வளவு நேரம் பேசியதெல்லாம் மலை தூக்கிவிட்ட காற்று. மலை இல்லாமல் தானே ஏறுகிற காற்றுதான் ஐப்பசியின் சமாச்சாரம். கேரளத்தில் அந்த ஐப்பசி மழையைத் துலாவர்ஷம் என்பார்கள். இங்கேதான் நிலைத்தன்மை என்ற சொல் வருகிறது. கேள்வி ஒன்றே ஒன்று. ஏறிய காற்றுத் திரள் தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருக்கிறதா, குளிர்ந்திருக்கிறதா? சூடாக இருந்தால் லேசாகி மேலும் ஏறும், குளிர்ந்திருந்தால் கனத்து இறங்கும். திரள் குளிரும் வேகம் நமக்குத் தெரியும்: மேகத்துக்கு வெளியே 9.8, உள்ளே, தரைக்குப் பக்கத்தில், 4. மேலே போய் ஈரம் குறையக் குறைய அது 6, 7 என்று கூடும். தெரியாதது சுற்றிலும் உள்ள காற்று அன்று எப்படி இருக்கிறது என்பது. சுற்றுக்காற்று கிலோமீட்டருக்கு 4 டிகிரிகூடக் குளிரவில்லை என்றால் தாழ்ந்த மேகம் தலைதூக்காது. 9.8-க்கு மேல் குளிர்ந்தால் எதுவும் ஏறும். வெயில் நேரத்தில் தார்ச்சாலைக்கு மேலே சில மீட்டரில் அப்படி இருக்கும், உயரே அபூர்வம். நம் வானம் அநேக நாள் இந்த இரண்டுக்கும் நடுவே கிடக்கிறது. மேகமாகாத காற்றுக்கு அது பூட்டு, மேகமான காற்றுக்குத் திறப்பு. அதனால்தான் ஈரம் இவ்வளவு முக்கியமாகிறது.

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். தரையில் 33 டிகிரி, பனிநிலை 24. மேகத்தின் அடி 1100 மீட்டரை ஒட்டி வரும். அங்கிருந்து தொடர்ந்து ஏறினால் 500 ஹெக்டாபாஸ்கல் மட்டத்தில், அதாவது 5.8 கிலோமீட்டர் உயரத்தில், திரளின் வெப்பநிலை சுமார் 0 டிகிரி. நம் பக்கம் அந்த உயரத்தில் சுற்றுக்காற்று −5 டிகிரியை ஒட்டி இருப்பது வழக்கம். ஐந்து டிகிரி சூடான திரள் நிற்காது. 12, 14 கிலோமீட்டர் வரை போகும். இடி மின்னல் நிச்சயம். இப்போது பனிநிலையை மட்டும் 20 ஆக்குங்கள், வெயில் அதே 33. மேகத்தின் அடி 1600 மீட்டருக்கு மேலே போய்விடும். மேலே திரளின் வெப்பநிலை −4-க்குப் பக்கம். சுற்றுக்காற்றைவிட ஒரு டிகிரிதான் சூடு. பக்கத்து உலர்ந்த காற்று கொஞ்சம் கலந்தாலே அதுவும் போய்விடும். நாலு டிகிரி பனிநிலை ஒரு இடிமழையையே தின்றுவிட்டது.

செய்தித்தாள்கள் ‘வெப்பச்சலனம் காரணமாக மழை’ என்று அச்சு வார்த்துவைத்த மாதிரி எழுதுவது இதனால்தான் உறுத்துகிறது. வெப்பம் மட்டும் போதும் என்றால் கொளுத்தும் மார்ச்சில் பாலக்காடு நனைந்துகொண்டே இருக்க வேண்டும். சித்திரையில் மேல்கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே ஏறத் தொடங்கிய பிறகுதானே மாங்காய் மழை வருகிறது?

சுற்றுக்காற்றை அளக்கும் வேலையை, கருவி கட்டி மேலே விடும் பலூன் செய்கிறது. திருவனந்தபுரம், கொச்சி, காரைக்கால் போன்ற நிலையங்களிலிருந்து, நமக்குக் காலை 5.30, மாலை 5.30 என்ற வேளைகளுக்கான அளவுகளை எடுக்கிறார்கள். அந்த அளவுகளை உயரவாரியாக வரைந்த படத்தில் இரண்டு கோடுகள் இருக்கும், வலப்புறம் வெப்பநிலை, இடப்புறம் பனிநிலை. இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் உயரத்தில் மேகம் இருக்கிறது. விலகி ஓடும் உயரத்தில் காற்று உலர்ந்திருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது கீழ் 1.5 கிலோமீட்டரில் இரண்டும் எவ்வளவு நெருக்கம் என்பது. அடுத்து, வெப்பநிலைக் கோடு எங்காவது வலப்பக்கம் மடங்குகிறதா என்பது. மடங்கினால் அங்கே மேலே போகப் போகச் சூடு கூடுகிறது. வெப்பத் தலைகீழ், ஏறும் திரளுக்கு மூடி. ஆரம்பத்தில் எல்லோரும் செய்யும் தவறு, காலை 5.30 தரை வெப்பநிலையை வைத்தே திரளை ஏற்றிப் பார்ப்பது. அது இரவுக் குளிர்; எந்த நாளும் மழை இல்லை என்றுதான் விடை வரும். அன்று பிற்பகல் எதிர்பார்க்கும் வெப்பநிலையைத் தரையில் வைத்து ஏற்ற வேண்டும். இன்னொன்று, திருவனந்தபுரத்துப் பலூன் கடலோரக் காற்றைத்தான் அளக்கிறது. கீழ் ஒரு கிலோமீட்டர் தென்காசிக்குப் பொருந்தாது, மேலே உள்ளது பொருந்தும். கீழ்ப்பகுதிக்கு உங்கள் மல்துணித் தெர்மாமீட்டரே மேல்.

பலூன் இல்லாமலும் மூடியைப் பார்க்கலாம். தை மாதக் காலையில் கம்பம் பள்ளத்தாக்கில் தோட்டத்துக் குப்பை எரியும் புகை கொஞ்சம் எழுந்து, பிறகு பாய் விரித்ததுபோலப் படுத்துவிடும். அது படுக்கும் உயரம்தான் அன்றைய மூடி. பத்து மணி வாக்கில் புகை கலைந்து மேலே போகத் தொடங்கினால் வெயில் மூடியை அரித்துவிட்டது என்று பொருள்.

ஐப்பசிப் பிற்பகலில் மேகத்தைப் படிப்பது இன்னும் சுலபம். மேல்காற்று ஓய்ந்திருக்கும், உம்மென்று புழுங்கும். பதினொரு மணிக்கு மலைமேல் திரள் மேகங்கள். தலை காலிஃபிளவர்போல விளிம்பு கூராக இருந்தால் அது வளர்கிறது. விளிம்பு பிய்ந்த பஞ்சுபோல இருந்தால் சுற்றியுள்ள உலர்காற்று அதைத் தின்கிறது. அகலத்தைவிட உயரம் கூடிவிட்டால் கவனிக்க ஆரம்பியுங்கள். உச்சி கூர்மை இழந்து, சீவிவிட்ட தலைமுடிபோல இழை இழையாக மாறும்போது அங்கே பனிக்கட்டி உண்டாகிவிட்டது. மின்னலும் இருக்கும், அது தலைக்கு மேலே வரும்வரை காத்திருக்கக் கூடாது. மழைக்கு முன் திடீரென்று வீசும் குளிர்காற்று, பெய்யும் துளிகள் ஆவியாகிக் குளிர்வித்த காற்று கனத்துத் தரையில் விழுந்து பரவுவது. அந்தக் காற்றே ஆப்பு இறக்கியதுபோலப் பக்கத்து ஊர்ச் சூட்டுக்காற்றைத் தூக்கி அடுத்த இடிமேகத்தை எழுப்பும். புளியங்குடியில் பெய்த மழை ஒரு மணி நேரம் கழித்து சங்கரன்கோவிலில் புதிதாகப் பிறப்பது அப்படித்தான்.

அருவிக்குப் போகிறவர்களுக்கு இந்த இரண்டு மேகங்களின் வித்தியாசம் உயிர் விஷயம். சாரல் மேகம் நாள் முழுக்க நனைத்தாலும் தண்ணீர் மெல்லத்தான் கூடும். இடிமேகம் மலைமேல் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டரைக் கொட்டக்கூடியது. அடிவாரத்தில் ஒரு துளி விழாமலே அருவி செம்மண் நிறமாகும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துக்கொண்டு போனது கோடைமழைக் காலத்தில், சாரல் தொடங்கும் முன்பு. பருவக்காற்றுக்குள்ளும் உயரமான இடிமேகங்கள் எழலாம். 2019 ஆகஸ்டில் கேரளத்துப் பெருமழையின்போது எழுந்தன. ஆகவே ஆடி மாதம்தானே, சாரல்தானே என்று இருந்துவிடாமல், மேற்கே இடிச் சத்தம் கேட்டாலோ, தண்ணீரில் சருகும் குச்சியும் மண்ணும் கலந்து வந்தாலோ கரையேறிவிட வேண்டும்.